வேதப்புத்தகத்துக்கு ஒரு வாழையிலை

எங்கள் தோட்டத்தில் ஏழாம் வகுப்பு முடித்த முதல் பெண் நான். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் இரண்டாம் பக்கத்துக்குள் எப்படியாவது நுழைத்துவிடுவேன் என்று என் அண்ணி மார்த்தாள் கேலி செய்வாள். கடைகளில் தாள் கிடைப்பதில்லை. தோட்டத்து ஆபீசில் கிடந்த பழைய ரப்பர்ப் பால் நிறுவைத் தாள்களின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆகவே சுருக்கமாக எழுத முயல்வேன்.

மலாக்காவுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு பக்கத்தை வாசிக்கப் போனேன். ஒரே ஒரு பக்கம்.

சிரம்பான் பக்கம் எங்கள் கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், ஜப்பான்காரன் வந்தபிறகு மரத்தைச் சீவிப் பால் எடுப்பது நின்றுபோயிற்று. மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டுத் தின்கிறோம். போன வருஷம் ஒரு லாரி வந்து, சயாமில் ரயில் பாதை போட ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனது. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். என் அண்ணன் தேவசகாயமும் ஏறினான். ஏறுவதற்கு முன் எங்கள் சின்ன வேதக்கோயிலுக்குள் ஓடி, வேதப்புத்தகத்தைத் திறந்து, ஒரு கித்தா இலையை உள்ளே வைத்து மூடிவிட்டு அண்ணியிடம் சொன்னானாம்: "உனக்கு வேண்டியது இந்தப் பக்கத்துல இருக்கு. தங்கச்சி வந்ததும் வாசிக்கச் சொல்லு."

இதில் இரண்டு சங்கடங்கள். முதலாவது, என் அண்ணனுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. புத்தகத்தை நேராகப் பிடித்தானா தலைகீழாகப் பிடித்தானா என்பதே சந்தேகம். இரண்டாவது, அந்த நேரத்தில் நான் தோட்டத்தில் இல்லை. டவுனில் ஜப்பானிய மொழி வகுப்பில், முதல் வரிசையில், முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் திரும்பி வந்தபோது அண்ணனும் இல்லை, புத்தகமும் இல்லை. எங்கள் சபைக்கு ஜெபம் நடத்தும் உபதேசியார், அடுத்த லாரிக்குத் தம்மையும் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து, வேதப்புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு மலாக்கா பக்கம் நடையைக் கட்டிவிட்டார்.

அண்ணி பேச்சை நிறுத்தியது அன்றிலிருந்துதான். அவள் பேச்சில் முக்கால்வாசி அண்ணனைத் திட்டுவது. "கழுதை" என்று கூப்பிட்டால்தான் அவன் திரும்பிப் பார்ப்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று நினைத்துக்கொள்வான். கழுதை போனபின் அவளுக்குப் பேச விஷயம் இல்லாமல் போயிற்று. காட்டுக்குப் போவாள், வருவாள், லயத்து வரிசைவீட்டு வாசலில் உட்காருவாள். தட்டில் வைத்ததில் பாதியைக் கோழிக்குப் போடுவாள். கோழி கொழுத்தது. அண்ணி இளைத்தாள். மூன்று மாதம் எட்டு மாதமாயிற்று. அவள் மணிக்கட்டிலிருந்த வளையல் ஒருநாள் தானாகவே கழன்று மரவள்ளிக் குழிக்குள் விழுந்ததை நான் பார்த்தேன். அவள் குனிந்து எடுக்கவில்லை.

இப்படியிருக்கையில்தான் லாரிக்காரர் பாக் மாட் ஒரு சேதி கொண்டு வந்தார். மலாக்காவில் கஜா பேராங் என்ற இடத்தில், செட்டிமார் வீடொன்றில் எங்கள் உபதேசியார் தங்கியிருந்தாராம். காய்ச்சலில் காலமாகிவிட்டாராம். புத்தகம் அந்த வீட்டில்தான் இருக்கிறதாம்.

அண்ணி வாசலிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "நீதானே படிச்சவ. போய் எடுத்துக்கிட்டு வா."

எட்டு மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு. மறுநாள் காலையில் நான் லாரியில் இருந்தேன்.

பாக் மாட்டின் லாரி கரியில் ஓடுவது. பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்கு, ஏழைகளுக்கு அடுப்புக்கரி. பின்னால் ஓர் இரும்பு அடுப்பு, அதில் கரியைப் போட்டு ஊதி, அந்தப் புகையில் வண்டி நகரும். சமதரையில் நகர்ந்தது. மேட்டில் நாங்கள் இறங்கித் தள்ளினோம். இறக்கத்தில் பிரேக் பிடிக்குமோ பிடிக்காதோ என்று மறுபடி இறங்கி நடந்தோம். லாரியில் போனோம் என்பதைவிட, லாரியும் எங்களோடு வந்தது என்பதே உண்மை.

"இந்த அடுப்பில் சோறு வடிக்கலாமே" என்றார் ஒரு சீனக் கிழவர்.

"அரிசி கொண்டு வா, வடித்துத் தருகிறேன்" என்றார் பாக் மாட். லாரியில் இருந்த எல்லாரும் சிரித்தோம். அரிசி என்ற சொல்லைக் கேட்டதே விருந்து சாப்பிட்டதுபோல் இருந்தது.

மாநில எல்லையில் ஒரு ஜப்பானியக் காவல்காரன் எங்களை இறக்கி நிறுத்தினான். எல்லாரும் இடுப்பை வளைத்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். ஆனால் நான் படித்தவள் ஆயிற்றே! சும்மா கும்பிட்டால் படித்ததற்கு என்ன மரியாதை? ஜப்பானிய மொழியில் அழகாகக் காலை வணக்கம் சொன்னேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. ஏதோ நீளமாகக் கேட்டான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வகுப்பில் நான் அதற்குமேல் கற்றது ஒரே பாடம்தான். அதைச் சொன்னேன்: "இது பென்சில். அது மலை."

அவன் மலையைத் திரும்பிப் பார்த்தான். மலை அங்கேதான் இருந்தது. பென்சிலைக் காட்டச் சொன்னான். நல்லவேளை, என் பையில் ஒரு துண்டுப் பென்சில் இருந்தது. இரண்டும் சரியாக இருந்ததால் எங்களை விட்டுவிட்டான்.

"மலை இல்லாத இடத்தில் பிடித்திருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேட்டார் பாக் மாட்.

பத்து பெரெண்டாம் என்ற ஊரில் லாரி நின்றுவிட்டது. கரி தீர்ந்துபோயிற்று. "லாரிக்குப் பசி. நீ நட, டீச்சர். இதே சடக்கில் நேராகப் போய் யாரையாவது கேள். நாலாம் நாள் காலையில் இங்கே வா, உன்னை ஏற்றிக்கொள்கிறேன்" என்றார் பாக் மாட். நடந்தேன். வழியில் சைக்கிள்கள் கடகடவென்று போயின. சக்கரத்தில் காற்று டயருக்குப் பதில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயை மாட்டியிருந்தார்கள். மலாக்காக்காரர்கள் உட்காரும்போது ஏன் மெதுவாக உட்காருகிறார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கிற்று.

கஜா பேராங்கில் முதலில் கண்ணில் பட்டது ஒரு சின்ன அம்மன் கோயில். அதைச் சுற்றி வீடுகள். வாசல் நிலைகளில் மாவிலை. நெற்றியில் பொட்டு வைத்த பெண்கள். கண் நிறைந்துபோயிற்று. அந்நிய ஊரில் நம் மனிதர்கள்! ஆனால் பொட்டுக்குக் கீழே சேலையைக் காணோம். மலாய்க்காரிகள் மாதிரி சாரோங்கும் கெபாயா சட்டையும். பரவாயில்லை என்று ஒரு வாசலில் நின்று சுத்தமான தமிழில் கேட்டேன்: "அம்மா, எங்கள் உபதேசியார் தங்கியிருந்த வீடு எது?"

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னாள்: "நீ பேசுவது சாமிக்குத்தான் புரியும். எனக்கு மனுஷப் பேச்சில் சொல்."

பிறகுதான் தெரிந்தது. இந்தச் செட்டிமார் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்து வியாபாரம் செய்து, இங்கேயே பெண் கட்டி, சாமியை விடாமல் மொழியை மட்டும் விட்டுவிட்டவர்கள். நாங்களோ மொழியை விடாமல் சாமியை மாற்றிக்கொண்டவர்கள். இருவரும் எதிரெதிரே நின்று விழித்தோம். பிறகு எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் விஷயத்தைச் சொன்னேன். இனி இங்கே நான் எழுதும் பேச்செல்லாம் மலாயில் நடந்ததுதான்.

"அந்தப் புத்தகக்காரரா? அவர் இந்த வீட்டில்தான் இருந்தார். உள்ளே வா. முதலில் முகத்தைக் கழுவு. கரிச்சட்டியா மனுஷியா என்று தெரியாமல்தான் இவ்வளவு நேரம் வாசலிலேயே நிறுத்திவிட்டேன்."

அவள்தான் மீனாச்சி மாமி. ஐம்பது வயதிருக்கும். வெற்றிலை போட்ட வாய், அதைவிடச் சிவந்த நாக்கு. வீட்டில் அவளும் அவள் மகள் கமலாவும்தான். கமலாவுக்கு என் வயது. மாமியின் கணவர் காலமாகி வெகுநாள். ஒரே மகன் ஆறுமுகத்தை, எங்கள் அண்ணனைப் போலவே, கடைத்தெருவில் வைத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். "சினிமா இலவசம் என்றார்கள். என் பிள்ளை இலவசம் என்றால் விஷத்தையும் வாங்குவான்" என்றாள் மாமி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

முகத்தைக் கழுவிவிட்டுக் கூடத்துக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். சுவரோரம் குத்துவிளக்கு. முன்னோருக்கான மேடை. நடுவில், பட்டுத் துணியின் மேல், சந்தனப் பொட்டு வைத்து, சம்பங்கி மாலை போட்டு, எங்கள் வேதப்புத்தகம்!

"மாமி, இது... இதற்கு ஏன் மாலை?"

"ஏன், காய்ந்துவிட்டதா? கமலா, மாலையை மாற்று!"

மாமி விளக்கினாள். உபதேசியார் காய்ச்சலில் கிடந்தபோதும் அந்தப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். திறந்து பார்த்தார்களாம். கோயிலில் கல்லில் வெட்டியிருக்கும் அதே எழுத்து. இந்த வீட்டு முதல் தாத்தாவின் ஊர் எழுத்து. இவ்வளவு தடிமனாக முன்னோர் எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்றால் ஏதாவது முக்கியமான விஷயமாகத்தானே இருக்கும்? வாசிக்க ஆள் வரும்வரை பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

"வாசிக்க ஆள் வந்துவிட்டது" என்றேன், சற்றே நிமிர்ந்து. "நான் ஏழாம் வகுப்பு."

"நல்லது. வாசி. ஆனால் எடுத்துக்கொண்டு போக முடியாது. வீட்டுப் பெரியவர்களை யாராவது பொட்டலம் கட்டிக் கொடுப்பார்களா?"

இது உங்கள் முன்னோர் எழுதியதல்ல, கிறிஸ்தவர்களின் வேதம் என்று எடுத்துச் சொன்னேன். மாமி பொறுமையாகக் கேட்டாள். "அப்படியென்றால் உன் முன்னோரா?" என்றாள். அதுவும் இல்லை, யூதர்கள் என்றேன். "உன்னுடையவர்களும் இல்லை, என்னுடையவர்களும் இல்லை. அப்புறம் எதற்கு நீ மட்டும் உரிமை கொண்டாடுகிறாய்?" என்று கேட்டாள். ஏழாம் வகுப்பில் இதற்கு விடை சொல்லித்தரவில்லை.

அண்ணியின் வளையலை நினைத்துக்கொண்டேன். புத்தகம் இல்லாமல் அந்த வாசலுக்குத் திரும்பிப் போவதை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. கித்தா இலையையாவது பார்க்கலாம் என்று கை நீட்டினேன். மாமி கையைத் தட்டிவிட்டாள். "நாளைக்குப் பார்ச்சு. பெரியவர்கள் சாப்பிட்ட பிறகுதான் எதுவும்."

பார்ச்சு என்பது இவர்கள் முன்னோருக்குப் படைக்கும் நாள். வருஷத்தில் ஒருமுறை சோறு கறியோடு படைப்பார்களாம். பழக்காலத்தில் இன்னொருமுறை, பழங்களோடு. இது பழக்காலம். சண்டையைப் பற்றி டுரியான் மரத்துக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, காய்த்துத் தள்ளியிருந்தது.

இரண்டாம் நாள் காலையிலிருந்து வீடே டுரியான் பழத்தின் கடும் வாடை. மாமியும் கமலாவும் கூடத்தில் வாழையிலை போட்டார்கள். ஒற்றைப்படையில்தான் போடவேண்டுமாம். ஆறு இலை போட்டபின் மாமி எண்ணிப் பார்த்து, ஏழாவது இலையை வேதப்புத்தகத்தின் முன் போட்டாள். அதில் ரம்புத்தான், மங்குஸ்தான், பெரிய பெரிய டுரியான் சுளைகள், தேங்காய்ப்பூ தூவிய மரவள்ளி, ஓரத்தில் கொஞ்சம் மிளகாய்ச் சம்பல்.

"புத்தகக்காரரும் இதில் சாப்பிட்டுக்கொள்வார்" என்றாள்.

எங்கள் உபதேசியார் டுரியானுக்கு ஜென்ம விரோதி. யாராவது கூடையில் கொண்டு போனாலே குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு ஓடுவார். அந்த மனிதருக்கு ஐந்து சுளை! சொர்க்கத்தில் அவர் குடைக்கு எங்கே போவார் என்று நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த கையோடு கண்ணிலும் நீர் வந்துவிட்டது. சொந்த பந்தம் இல்லாத ஊரில் செத்த மனிதருக்கு ஒரு வீட்டில் இலை போடுகிறார்கள். எங்கள் சபையில் அவருக்கு இன்னும் ஒரு ஜெபம்கூட நடத்தவில்லை.

சாம்பிராணி போட்டு, எல்லாரும் வணங்கி, பெரியவர்கள் சாப்பிட நேரம் விட்டுவிட்டு, பிறகு எனக்கும் இலை போட்டார்கள். இங்கேதான் என் சோதனை. படைத்ததை விசுவாசி சாப்பிடலாமா? பவுல் அப்போஸ்தலர் இதைப்பற்றி விவரமாக எழுதியிருக்கிறார். ஆனால் பவுல் அப்போஸ்தலர் வருஷக்கணக்காக மரவள்ளியைத் தின்றவர் அல்லர். மேலும், அன்பாகப் போட்டதைத் துருவித் துருவிக் கேட்காமல் சாப்பிடு என்கிற அர்த்தத்திலும் அவரே எழுதியிருப்பதாக என் வயிறு ஞாபகப்படுத்திற்று. கண்ணை மூடி ஜெபித்தேன். வழக்கத்தைவிடச் சின்ன ஜெபம். கண்ணைத் திறந்தபோது கமலா என் இலையில் இன்னொரு சுளையை வைத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டபின் மாமி வாயைக் கொப்பளித்து, கெபாயாவைச் சரிசெய்துகொண்டு, புத்தகத்தின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "இப்போது வாசி, டீச்சர். என்ன சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்?"

திறந்தேன். உள்ளே ஒரு குடித்தனமே இருந்தது: திருநீற்றுப் பொட்டலம், காய்ந்த மல்லிகை, மயிலிறகுத் துணுக்கு, கமலாவின் கொண்டை ஊசி. நடுவில், மூன்று விரல் விரித்ததுபோல், பழுப்பேறிய கித்தா இலை.

அண்ணனின் பக்கம். எட்டு மாதமாக நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்த பக்கம். ஆறுதலான சங்கீதமாக இருக்கும். அல்லது கர்த்தர் கைவிடமாட்டார் என்கிற தீர்க்கதரிசனமாக இருக்கும்.

பார்த்தேன். பெயர்ப் பட்டியல்!

பாரோஷின் பிள்ளைகள் இத்தனை பேர், செபத்தியாவின் பிள்ளைகள் இத்தனை பேர், சக்காயின் பிள்ளைகள் இத்தனை பேர் என்று மேலிருந்து கீழ்வரை ஆளும் எண்ணும். வேதத்தில் இப்படிப்பட்ட இடம் வந்தால் நான் எப்போதும் ஒரே தாண்டலில் அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுவேன். அண்ணா, ஆயிரம் பக்கமுள்ள புத்தகத்தில் உனக்கு இதுதானா கிடைத்தது!

மாமி காத்திருந்தாள். எனக்கு ஒரு யோசனை தோன்றிற்று. புத்தகத்தைப் பார்த்தபடியே, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த மேய்ப்பன் சங்கீதத்தை மலாயில் சொல்ல ஆரம்பித்தேன். பசும்புல், அமைதியான தண்ணீர் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்து" என்றாள் மாமி. "உன் கண் ஒரே இடத்தில் நிற்கிறது. வாசிக்கிறவர்கள் கண் எறும்பு மாதிரி ஊர்ந்து போகும், புத்தகக்காரரிடம் பார்த்திருக்கிறேன். நான் எழுத்துத் தெரியாதவள். குருடி இல்லை."

உண்மையைச் சொன்னேன். "மாமி, இதில் ஒன்றுமில்லை. வெறும் பெயர்கள்."

"பெயர் வெறுமனே இருக்குமா? யாருடைய பெயர்கள்?"

அதிகாரத்தின் தொடக்கத்தைப் பார்த்தேன். அதையும் நான் அதற்கு முன் படித்ததில்லை. மெதுவாக மொழிபெயர்த்தேன். பாபிலோன் ராஜா இந்த ஜனங்களைப் பிடித்துத் தூரதேசத்துக்குக் கொண்டுபோனான். அவர்களில் தங்கள் தங்கள் ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் இவர்கள்.

நான் சொன்னதன் பொருள் என் வாயிலிருந்து வெளியே போய், என் காது வழியாகத் திரும்பி வந்து அப்போதுதான் எனக்கே எட்டிற்று.

மாமி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "வேலைக்கா பிடித்துக்கொண்டு போனார்கள்?"

"அடிமைகளாக."

"திரும்பி வந்தார்களா?"

"வந்தவர்களைத்தான் எழுதியிருக்கிறது."

"வாசி. ஒருவரையும் விடாதே."

வாசித்தேன். இன்னாரின் பிள்ளைகள், இத்தனை பேர், வீடு திரும்பினார்கள். இன்னாரின் பிள்ளைகள், இத்தனை பேர், வீடு திரும்பினார்கள். வாயில் நுழையாத பெயர்களைக்கூடக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். பக்கம் முடிந்தபோது மாமி கேட்டாள்: "ஆறுமுகம் எந்த வரியில்?"

"மாமி, இது ரொம்பப் பழைய காலத்துச் சங்கதி."

"அந்தக் காலத்தோடு திரும்பி வருவதை நிறுத்திவிட்டார்களா? உன்னிடம் பென்சில் இருக்கிறதா?"

இருந்தது. ஜப்பான்காரனுக்குக் காட்டிய அதே பென்சில். வேதப்புத்தகத்தில் கிறுக்கினால் மிஷன் பள்ளியில் முழங்காலிட வைப்பார்கள். பக்கத்தின் ஓரத்தில், மணிமணியான என் கையெழுத்தில், ஆறுமுகம் என்று எழுதினேன். நான் படித்த ஏழு வகுப்பும் அந்த ஐந்து எழுத்துக்காகத்தான் என்று அப்போது தோன்றிற்று. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

அந்த நேரம் பார்த்துக் கமலா தொண்டையைச் செருமினாள். "அம்மா, அந்த இலை... போன வெள்ளிக்கிழமை விளக்கு துடைக்கும்போது கீழே விழுந்துவிட்டது. நான்தான் எடுத்து எங்கேயோ சொருகிவைத்தேன்."

அப்படியென்றால் இது அண்ணன் வைத்த பக்கமே இல்லை! அண்ணன் வைத்த பக்கம் எதுவென்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணியிடம் என்ன சொல்வேன்?

மாமி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள்: "உன் அண்ணனுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"என் மகளுக்கும் தெரியாது. இரண்டு பேரும் எழுத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டுதான் வைத்தார்கள். அவன் மூடின கண் உசத்தி, இவள் மூடின கண் மட்டமா? உன் சாமிக்குச் சொல்ல வேண்டியது இருந்தால் என் வீட்டு விளக்குத் துடைக்கிற துணியை வைத்தும் சொல்வார்."

இதைவிட நல்ல பிரசங்கம் நான் கேட்டதில்லை. செய்தவள் அதை முடித்துவிட்டு வெற்றிலை எச்சிலைத் துப்பப் போனாள்.

திரும்பி வந்தவள் புத்தகத்தைக் குனிந்து பார்த்தாள். "இலை இரண்டு பக்கத்தையும் தொட்டுக்கொண்டுதானே இருந்தது? இடதுபக்கம் நீ வாசித்தது. அது என் வீட்டில் வாசித்தாயிற்று, எனக்கு. வலதுபக்கம் உன் அண்ணிக்கு. அதை இங்கே வாசிக்காதே. அடுத்தவள் கடிதம்."

"அப்படியென்றால்... புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகலாமா?"

"கமலா என் பக்கத்தை மனப்பாடம் செய்த பிறகு."

மூன்றாம் நாள் முழுவதும் அதுதான் வேலை. நான் ஒரு வரி மலாயில் சொல்ல, கமலா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே திருப்பிச் சொன்னாள். கல்லில் ஓர் அடி, ஒரு பெயர். அவர்கள் வீட்டு மந்திரங்கள் எல்லாம் அப்படித்தான் தலைமுறை தலைமுறையாக வாயிலேயே வந்தவையாம். மதியத்துக்குள் கமலா முழுப் பக்கத்தையும் எண்களோடு ஒப்பித்துவிட்டாள். அடுப்படியில் இருந்த மாமி ஓர் எண்ணைத் திருத்தினாள். புத்தகத்தைப் பார்த்தேன். மாமி சொன்னதுதான் சரி.

நாலாம் நாள் காலையில் மாமி வேதப்புத்தகத்தை ஒரு பழைய பாத்திக் சாரோங்கில் சுற்றிக் கொடுத்தாள். கூடவே அதே பொட்டலத்தில் ஒரு தகர டின். "டெம்போயாக். டுரியானைப் புளிக்கவைத்தது. உன் அண்ணிக்கு நாக்கில் உயிர் வரும்" என்றாள். சாலைத் திருப்பம்வரை கூட வந்தாள். "என் பிள்ளை வந்தால் அந்தப் புத்தகத்தைப் பார்க்க அனுப்புவேன். அவன் பெயர் மட்டும் அழிந்திருக்கட்டும், அப்போது இருக்கிறது உனக்கு."

திரும்பும் வழியில் அதே எல்லை. காவல்காரன் வேறு ஆள். இவனுக்கு மலையும் பென்சிலும் வேண்டியிருக்கவில்லை. அரிசி கடத்துகிறவர்களைத் தேடிக்கொண்டிருந்தான். எங்களோடு திரும்பிக்கொண்டிருந்த சீனக் கிழவரின் தலையணையைக்கூடக் கிழித்துப் பார்த்தான். என் சாரோங் பொட்டலத்தில் கை வைத்தான். தடிமனான புத்தகம், புரியாத எழுத்து, ஓரத்தில் பென்சிலில் ஒரு பெயர். அவன் குனிந்து இன்னும் ஒரு முடிச்சை அவிழ்த்தான்.

கரி லாரியின் குலுக்கலில் டெம்போயாக் டின்னின் மூடி தளர்ந்திருந்தது.

அந்த மனிதன் பின்னால் தாவிய வேகத்தில் தொப்பி கழன்று விழுந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு, போ போ என்று கையை வீசினான். மற்றவர்களின் மூட்டைகளையும் தொடவில்லை. லாரி நகர்ந்தபோது, டுரியானுக்கு அஞ்சி ஓடும் எங்கள் உபதேசியாரை நினைத்துக்கொண்டேன். அவர் புத்தகத்தைக் கடைசியில் டுரியான்தான் காப்பாற்றிற்று.

வலதுபக்கத்தை வழியில் திறந்து பார்க்கவில்லை. பார்க்கக் கை அரித்தது என்பது உண்மை. அடுத்தவள் கடிதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அண்ணி வாசலில் இருந்தாள், கையில் தட்டு, காலடியில் கோழி. சேதி கேட்டு லயத்துப் பெண்கள் எல்லாம் வந்து கூடிவிட்டார்கள். ஒவ்வொருத்தியின் வீட்டிலும் ஒருவன் சயாமில். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். இலை விழுந்ததையும், கமலா சொருகினதையும், இடதுபக்கத்தில் இருந்ததையும் சொன்னேன். அண்ணியின் தட்டிலிருந்து ஒரு கிழங்குத் துண்டு கோழிக்குப் போயிற்று.

வலதுபக்கத்தை வாசித்தேன். மறுபடியும் பெயர்கள். கோயில் வேலைக்காரர்கள், வேலைக்காரரின் பிள்ளைகள், பாடகர்கள், பாடகிகள். எங்கள் பெண்கள் ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் தங்கள் ஆளின் பெயரை முணுமுணுத்தார்கள், யாரும் சொல்லித்தரவில்லை. அண்ணி மட்டும் வாயைத் திறக்கவில்லை. மனிதர்களின் தொகை முடிந்தது. மூடப்போனேன்.

"அவ்வளவுதானா?" என்றாள் அண்ணி.

"மனுசங்க அவ்வளவுதான் அண்ணி."

"இன்னும் எழுத்து இருக்கே."

இருந்தது. இரண்டு வரி. வாசித்தேன். அவர்களோடு திரும்பி வந்த குதிரைகள் இத்தனை. கோவேறு கழுதைகள் இத்தனை. ஒட்டகங்கள் இத்தனை. கழுதைகள் ஆறாயிரத்து எழுநூற்று இருபது.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி தலையைத் தூக்கினாள்.

"கழுதையையுமா எண்ணினாங்க?"

"ஆமா அண்ணி."

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம. எண்ணி எழுதி வச்சிருக்கு."

அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள். எட்டு மாதமாக இறுகிக் கிடந்த முகம் எங்கோ ஓர் ஓரத்தில் இளகிற்று.

"அப்ப உங்கண்ணன் கணக்குல இருக்கான்" என்றாள்.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கோழியும் பழக்கதோஷத்தில் பின்னாலேயே போயிற்று. அடுப்படி வாசலில் நின்று திரும்பி அதைப் பார்த்துச் சொன்னாள்: "இனிமே உனக்கு ஒண்ணும் கெடையாது. போ!"